வாசல் தேடி வந்த யந்திரம்

"ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள்; போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது."

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்டிராதவர் நம்மில் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். சொல்கிறவர் அதை விதியின் தீர்ப்பைப் போலச் சொல்வார். கேட்கிறவர்களும், "நேரம் வந்துவிட்டது. யார் என்ன செய்ய முடியும்?" என்று தலையை ஆட்டுவார்கள். கதை எழுதுவதைப் பிழைப்பாகக் கொண்டவனாகையால் இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கண். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று உயிர், மற்றொன்று வழி. உயிரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், தத்துவங்கூடப் பேசுகிறோம். வழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

அந்த வழியைப் பற்றி யோசித்த ஒரு டாக்டரின் சரித்திரத்தையும், அவர் செய்வித்த ஒரு பெட்டியின் சரித்திரத்தையும்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், ஒரு காலத்தில் நம் வீடுகளுக்கு வந்து கொண்டிருந்தாரே குடும்ப டாக்டர், அவருடைய தோல் பையைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

அந்தப் பையில் இருந்த சாமான்கள் எல்லாமே முதலில் பையில் அடங்காதவையாகவோ, அல்லது இல்லாதவையாகவோ இருந்தவைதாம். 1816-ஆம் வருஷத்துக்கு முன்னால் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. டாக்டர் தம் காதை நோயாளியின் மார்பில் வைத்துத்தான் கேட்க வேண்டும். பாரிஸ் நகரத்து டாக்டர் லென்னெக் என்பவர் ஒரு பெண்மணியின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். காதால் நேரே கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. காகிதக் குழல் பிறகு மரக் குழலாயிற்று. ஜுரமானியின் கதையும் இப்படித்தான். அது ஒரு காலத்தில் ஓர் அடி நீளம் இருந்தது. நோயாளி அதை 20 நிமிஷம் வைத்துக் கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் டாக்டர் ஆல்பட் 1866-இல் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கி, 5 நிமிஷத்தில் ஜுரத்தைச் சொல்லும்படி செய்தார். அதற்குப் பிறகுதான் ஜுரமானி டாக்டரின் சட்டைப் பைக்குள் ஏறிற்று. வீடு வீடாகப் போயிற்று.

இவ்விரண்டு கருவிகளும் வைத்தியத்தை மாற்றியதற்குக் காரணம் அவை நுட்பமானவை என்பது மட்டும் அல்ல. அவற்றைத் தூக்கிக் கொண்டு நடக்க முடிந்தது. எத்தனை அற்புதமான யந்திரமாக இருந்தாலும், நோயாளி படுத்திருக்கும் இடத்துக்கு அது வர முடியாவிட்டால், அந்த நோயாளியைப் பொறுத்த மட்டில் அது இல்லாததுதான்.

மின்சாரம் வைத்தியத்துக்குள் நுழைந்தபோது இந்தச் சங்கடம் பெரிதாயிற்று. ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்தில் ஐந்தோவன் என்ற பேராசிரியர், இதயத்தின் மின்னோட்டத்தைப் படமாக வரையும் யந்திரம் ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தார். இன்று ஈ.ஸி.ஜி. என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் மூதாதை அது. அதன் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து ஆட்கள் வேண்டும். அவருடைய ஆராய்ச்சிசாலையோ ஓரிடத்தில், ஆஸ்பத்திரியோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால். யந்திரத்தை நோயாளியிடம் கொண்டு போக முடியாது. நோயாளியை யந்திரத்திடம் அழைத்து வருவதும் கஷ்டம். என்ன செய்தார் தெரியுமா? 1905-இல், டெலிபோன் கம்பி வழியாக, ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தம் ஆராய்ச்சிசாலைக்கு வரவழைத்துப் படம் எடுத்தார்! யந்திரம் நகராது என்றால் துடிப்பையாவது நகர்த்து என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் படம் எடுப்பதற்குத்தான் கம்பி உதவும். நின்று போகிற இதயத்தை மீண்டும் ஓட வைக்க அது உதவாது.

மாரடைப்பினால் திடீரென்று இறந்து போகிறவர்களில் பலருக்கு நேருவது இதுதான்: இதயம் ஒரேயடியாக நின்று விடுவதில்லை, துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்குகிறது. தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தால் தேர் நகர்கிறது. அதே ஆயிரம் பேரும் ஆளுக்கொரு பக்கமாக, ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால்? பலம் குறையவில்லை; ஆனால் தேர் ஓர் அங்குலமும் நகராது. இதயத்தின் தசை நார்கள் அப்படித் தாளம் தவறி இழுக்கும்போது ரத்தம் ஓடுவதில்லை. நாலைந்து நிமிஷங்களுக்குள் மூளை சேதப்படத் தொடங்கி விடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்துதான் உண்டு. பலமான ஒரு மின் அதிர்ச்சி. தேரடியில் அதிர்வேட்டுப் போட்டால் எல்லோரும் ஒரு கணம் கைவிட்டுத் திகைத்து நிற்பார்கள் அல்லவா? அந்த மௌனத்தில் முன்னே நிற்பவர் கை காட்ட, மறுபடி ஒன்றாக இழுக்கத் தொடங்குவார்கள். மின் அதிர்ச்சியும் நார்கள் எல்லாவற்றையும் ஒரு கணம் அடக்குகிறது. பிறகு இதயம் தன் சொந்தத் தாளத்தைக் கண்டு பிடித்துக் கொள்கிறது.

இந்த உண்மையை ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்ற இருவர் நாய்களிடம் சோதித்து 1899-லேயே கண்டுவிட்டார்கள். ஆயினும் ஒரு மனிதருக்கு அது பயன்பட 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வருஷம் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்தில், அறுவை சிகிச்சையின்போது இதயம் நடுங்கத் தொடங்கிய 14 வயதுச் சிறுவன் ஒருவனை டாக்டர் கிளாட் பெக் மின் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார். திறந்திருந்த மார்புக்குள் இதயத்தின் மேலேயே தகடுகளை வைத்துக் கொடுத்த அதிர்ச்சி அது. 1956-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் பால் ஸோல், மார்பைத் திறக்காமல் மேலிருந்தே அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்க முடியும் என்று காட்டினார். 1960-இல் பால்டிமோரில் கௌவன்ஹோவனும் அவருடைய கூட்டாளிகளும், கைகளால் மார்பை அழுத்தி அழுத்தி விட்டாலே சிறிது நேரம் ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பழைய யந்திரங்கள் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பியிருந்தவை. தொழுவத்தில் கட்டிய மாட்டைப் போல, கயிறு எட்டுகிற தூரத்துக்குத்தான் அவற்றின் உபகாரம். 1960-களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரிகளில் தனி வார்டுகள் ஏற்பட்டன. படுக்கைக்குப் பக்கத்திலேயே யந்திரம். இரவும் பகலும் கண்காணிப்பு. வார்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். வந்து சேராதவர்கள்?

இந்தக் கேள்விதான் அயர்லாந்தின் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரத்தில், ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் இருதய டாக்டராக இருந்த ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்பவரை உறுத்தியது.

பான்ட்ரிட்ஜ் 1916-இல் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் வைத்தியம் படித்து 1939-இல் பட்டம் பெற்றார். உடனே யுத்தம் வந்தது. ராணுவ டாக்டராக அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களைக் கவனித்ததற்காக வீரப் பதக்கமும் கிடைத்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. அப்போது சிறைப்பட்ட பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் பர்மா - சயாம் ரயில் பாதை.

அந்தப் பெயரைக் கேட்டால் தமிழர்களுக்கு நெஞ்சு கனக்க வேண்டும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை, மலையையும் காட்டையும் வெட்டி, 1942-லிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, சினிமாவும் வந்தது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் அவர்களுடைய ராணுவ டாக்டர்களாவது கூட இருந்தார்கள். நம்மவர்களுக்கு அநேகமாக அதுவும் இல்லை. காலராவில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். ஒரு கருவியோ ஒரு மருந்தோ ஒரு மனிதரோ பக்கத்தில் இல்லாததனால் மட்டும் எத்தனை உயிர்கள் போக முடியும் என்பதற்கு அந்தக் காட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

பான்ட்ரிட்ஜுக்கு அங்கே பெரிபெரி நோய் கண்டது. தீட்டிய அரிசியைத் தவிர வேறு சத்தில்லாதவர்களுக்கு வரும் வியாதி அது. அவருக்கு வந்தது இதயத்தைத் தாக்கும் வகை. எலும்பும் தோலுமாய் ஊர் திரும்பியவர், பிறகு அமெரிக்காவுக்குப் போய், மிச்சிகன் சர்வகலாசாலையில் ஈ.ஸி.ஜி. நிபுணரான டாக்டர் வில்ஸனிடம் பயிற்சி பெற்றார். 1950-இல் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பி, இருதய டாக்டரானார்.

காட்டில் கெட்டுப்போன இதயம்தான் அவரை இதய வைத்தியத்துக்கு இழுத்தது என்று முடிச்சுப் போட நாவலாசிரியனுக்குக் கை துறுதுறுக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சாவை மிக அருகில், மிக மலிவாகக் கண்டு வந்த அந்த மனிதருக்கு, "நேரம் வந்துவிட்டது" என்ற சமாதானம் பிடிக்கவில்லை. யாருடைய நேரம், எத்தனை மணிக்கு வந்தது என்று கணக்குக் கேட்டார்.

கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1963-இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 50 வயதும் அதற்குட்பட்டவர்களுமாக மாரடைப்பால் இறந்தவர்களைப் பற்றியது அது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வலி கண்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இறந்திருந்தார்கள். அதாவது வீட்டில், ஆபீஸில், தெருவில், வண்டியில். ஆஸ்பத்திரியில் எத்தனை நேர்த்தியாக வார்டு அமைத்தாலும் அவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? வெள்ளம் வடிந்த பிறகு கட்டின கரைதானே அது?

பான்ட்ரிட்ஜ் கண்ட முடிவு எளிமையானது. நோயாளி வார்டுக்கு வர முடியாவிட்டால் வார்டு நோயாளியிடம் போக வேண்டும்.

எளிமையான முடிவுகளில்தான் சிரமம் அதிகம். சுவர் மின்சாரத்தைத் தெருவுக்கு எப்படிக் கொண்டு போவது? இதற்கு விடை பாதி தயாராக இருந்தது. மாஸ்கோவில் குர்விச் என்பவர் 1930-களின் கடைசியிலிருந்தே வேறொரு முறையை ஆராய்ந்து வந்தார். சுவர் மின்சாரத்தை நேராகப் பாய்ச்சாமல், அதைக் கண்டென்ஸர் என்ற சாதனத்தில் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் விடுவது. அமெரிக்காவில் பெர்னார்ட் லௌன் 1962-இல் இதே முறையைப் பிரசித்தமாக்கினார். சொட்டுச் சொட்டாக விழும் குழாயடியில் குடத்தை வைத்து நிரப்பி, நிரம்பியதும் ஒரே மூச்சில் கவிழ்ப்பது மாதிரி. குழாய் சிறியதானாலும் பாதகமில்லை. குடம் நிரம்பினால் போதும். அப்படியானால் அந்தக் குழாய் சுவரில்தான் இருக்க வேண்டுமா? மோட்டார் கார் பாட்டரியாக இருந்தால் ஆகாதா?

1965-இல் பான்ட்ரிட்ஜும், அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம் டாக்டர் ஜான் கெட்டிஸும், ஆல்ஃப்ரெட் மாஹினி என்ற டெக்னீஷியனும் சேர்ந்து அதைச் செய்து முடித்தார்கள். இரண்டு 12 வோல்ட் கார் பாட்டரிகள். அந்த மின்சாரத்தை யந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தர ஒரு சாதனம். அதனுடன் டிஃபிபிரில்லேட்டர் என்கிற அந்த அதிர்ச்சி யந்திரம். மொத்த எடை 70 கிலோ. ஏறக்குறைய ஒரு நெல் மூட்டை. இதைத் தூக்கிக் கொண்டு மாடிப்படி ஏற வேண்டியவர்கள் என்ன சொல்லி முனகியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஆனாலும் அது நகர்ந்தது. சுவரிலிருந்து கயிறு அறுந்து விட்டது.

1966 ஜனவரியில் அந்த வண்டி பெல்ஃபாஸ்ட் தெருக்களில் ஓடத் தொடங்கியது. டெலிபோன் வந்ததும் ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் யந்திரத்தோடு கிளம்பி விடுவார்கள். நோயாளியைக் கண்டதும் தூக்கிப் போட்டுக் கொண்டு பறப்பதில்லை. அவர் இருக்கிற இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கி, இதயம் நிலைப்பட்ட பிறகுதான் புறப்படுவார்கள். இந்த நிதானத்தில்தான் புரட்சி இருந்தது. அதுவரையில் ஆம்புலன்ஸ் என்றால் வேகமாக ஓடுகிற கட்டில், அவ்வளவுதான்.

1967 ஆகஸ்டில் 'லான்ஸெட்' பத்திரிகையில் பான்ட்ரிட்ஜும் கெட்டிஸும் தங்கள் 15 மாத அனுபவத்தை எழுதினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை அந்த வண்டி கவனித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்ற 10 பேரை மீட்டு உயிரோடு கொண்டு வந்து சேர்த்திருந்தார்கள். அவர்களில் 5 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. அத்தனை நோயாளிகளில் ஒருவர்கூட வழியில் இறக்கவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதிய வாக்கியத்தை அந்த 15 மாதங்களில் பெல்ஃபாஸ்டில் அந்த வண்டியில் ஏறிய எவரைப் பற்றியும் யாரும் சொல்ல நேரவில்லை.

இதைக் கண்டு பிரிட்டிஷ் வைத்திய உலகம் மாலை போட்டு வரவேற்றதா என்றால், இல்லை. அதிர்ச்சி யந்திரத்தை ஆஸ்பத்திரிக்கு வெளியே விடுவதா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பான்ட்ரிட்ஜ் கோபக்காரர், எதிராளியின் முகத்துக்கு நேரே பேசுகிறவர், அதனால் நண்பர்கள் கூடுவதற்குப் பதிலாகச் சண்டைகள் கூடின. கடல் கடந்து அமெரிக்காதான் முந்திக் கொண்டது. 1968-இல் நியூயார்க்கில் அத்தகைய வண்டி ஓடிற்று. 1970-இல் ஸியாட்டில் நகரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், தீயணைக்கும் படை வீரர்களுக்கே பயிற்சி கொடுத்து யந்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். பிரிட்டனிலோ முன் வரிசை ஆம்புலன்ஸ்கள் எல்லாவற்றிலும் அந்த யந்திரம் ஏறுவதற்கு 1990 வரை ஆயிற்று. பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டனுக்குத் தூரம் அதிகமில்லை. அதைக் கடக்க ஒரு நல்ல யோசனைக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது!

ஆனால் பான்ட்ரிட்ஜ் சண்டை போட்டுக் கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. 70 கிலோ அவரை உறுத்திக் கொண்டே இருந்தது. விண்வெளிப் பயணத்துக்காக அமெரிக்காவில் மிகச் சிறிய கண்டென்ஸர்களைச் செய்திருந்தார்கள். அதைக் கொண்டு 1968-இல் புதுப் பெட்டி ஒன்று உருவாயிற்று. அதன் எடை சுமார் 3.2 கிலோ. மூன்றே வருஷத்தில் நெல் மூட்டை, பிறந்த குழந்தையின் எடைக்கு வந்துவிட்டது. சந்திரனுக்குப் போக முயன்றவர்களின் சாமான், மாடிப்படியில் விழுந்து கிடந்த ஒரு குமாஸ்தாவுக்கு உதவ வந்தது. விஞ்ஞானத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்கிறோம். இந்த ஒரு விஷயத்துக்காக அதை மன்னித்து விடலாம்.

யந்திரம் இலேசானதும் அடுத்த கேள்வி பிறந்தது. தூக்கிக் கொண்டு வருகிறவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமா? 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில், இதயத் தாளத்தைத் தானே பார்த்து, அதிர்ச்சி தேவையா என்று தானே தீர்மானிக்கும் பெட்டி உருவாயிற்று. இன்று அந்த வர்க்கத்துப் பெட்டிகள் வாய் திறந்து பேசுகின்றன: தகட்டை இங்கே ஒட்டு, விலகி நில், பொத்தானை அழுத்து. தேவையில்லாதவருக்கு அவை அதிர்ச்சி கொடுப்பதில்லை.

பெட்டியின் பெருமைக்கு அத்தாட்சி கிடைத்தது ஆஸ்பத்திரியில் அல்ல, சூதாட்ட விடுதிகளில்! சூதாட்ட விடுதியில் ஆள் விழுந்தால் யாராவது பார்க்காமல் இருக்க மாட்டார்கள்; மூலை முடுக்கெல்லாம் காமிரா உண்டு. அமெரிக்காவில் அந்த விடுதிக் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பெட்டியையும் கொடுத்தார்கள். 2000-இல் வெளிவந்த கணக்கு இது: கண்ணெதிரே விழுந்து, 3 நிமிஷத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 100-க்கு 74 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 3 நிமிஷத்துக்கு மேல் ஆனவர்களில் 49 பேர். ஒழுக்கமாக வீட்டில் படுத்திருப்பவனைவிடச் சீட்டாடப் போனவனுக்கு ஆயுசு கெட்டி என்று இதற்கு அர்த்தம் செய்து கொள்ள வேண்டாம். பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே ஆயுசு இருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

நம் நாட்டிலும் வழி சற்றுச் சுருங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-இல் '108' வண்டி வந்தது. உயிர் காக்கும் உயர்தரக் கருவிகளோடு செல்லும் வண்டிகளும் அதில் இருக்கின்றன. ஆனால் நம் நகரங்களின் நெரிசலில் அது வந்து சேரும் வரை இதயம் காத்திருக்காது. முதல் சில நிமிஷங்கள் பக்கத்தில் இருப்பவர்களுடையவை. வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நினைவும் மூச்சும் இல்லாமல் கிடப்பவரின் நடு மார்பை இரு கைகளாலும் பலமாக, வேகமாக அழுத்திக் கொண்டே இருக்கத் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு ஒருவராவது இருக்க வேண்டாமா? கல்யாணச் சமையலுக்கு ஆள் தெரிந்து வைத்திருக்கிறோம், கச்சேரிக்கு ஆள் தெரிந்து வைத்திருக்கிறோம். ஒரு நாள் சாயங்காலம் கற்றுக் கொண்டுவிடக் கூடிய இந்த வித்தையை மட்டும் ஏன் தெரிந்து வைத்துக் கொள்வதில்லை?

பான்ட்ரிட்ஜ் 2004 டிசம்பரில், 88-ஆவது வயதில் காலமானார். சர் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. லிஸ்பர்ன் என்ற ஊரில் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். காட்டிலிருந்து எலும்பும் தோலுமாய் வந்தவருக்கு 88 வயது என்பது இதயம் காட்டிய நன்றி என்று எண்ணத் தோன்றுகிறது.

விமான நிலையத்திலோ பெரிய கட்டிடங்களிலோ சுவரில் ஒரு பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். பச்சை நிறத்தில் ஓர் இதயப் படம், அதன் நடுவில் மின்னல் கோடு. அடுத்த முறை அதைக் கடந்து போகையில் ஒரு கணம் நின்று, அது எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். சமயத்துக்கு அதை எடுத்து வர ஓடுகிறவர் நீங்களாக இருக்கலாம்.